நெல்லை வீட்டு ஸ்டீரியோவில் எதை முதலில் மாற்றுவது

பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஸ்டீரியோ வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அடுத்து ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா, டிஏசி (டிஜிட்டல் கோப்பைக் கேட்கக்கூடிய மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கலாமா, ஸ்பீக்கரை மாற்றலாமா? கேள்வி கருவியில் தொடங்குவதால் பதிலும் கருவியோடு நின்றுவிடுகிறது. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் அறையில் எந்த ஓசை பிசகாகக் கேட்கிறது? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கருவியின் துணையில்லாமல் நேரில் கேட்டுப் பழகிய ஓசைகள் நம்மிடம் இருக்க வேண்டும். அந்த வகையில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே போகும் நாகசுரத்தையும் தவிலையும் கைக்கெட்டும் தொலைவில் நின்று கேட்டிருக்கிறோம். அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு மேடைக்கு அருகே உட்கார்ந்து குடமும் உடுக்கையும் ஒலிக்கக் கேட்டிருக்கிறோம்.

இந்த ஓசைகளைக் கொண்டே ஒரு ஸ்டீரியோவின் குறை எங்கே இருக்கிறது என்று பெருமளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம். தவிலின் வலப்பக்க முகமான வலந்தலையில் விரற்கூடுகள் விழும் ஓசை தனித்தனியாகத் தெறிக்க வேண்டும். இடப்பக்க முகமான தொப்பியில் கழி விழும் ஓசை கனத்து எழுந்து உடனே அடங்க வேண்டும். விரல் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பினால் அறையில் எதிரொலி மிகுதி என்று பொருள். கழியின் அடி முடிந்த பிறகும் அறைக்குள் உறுமல் தங்கினால், சுவர்களுக்கிடையே தாழ்ந்த அலைகள் தேங்கி நிற்கின்றன. நாகசுரம் மிதமான சத்தத்திலேயே காதைக் குத்தினால், வெற்றுச் சுவரோ ஸ்பீக்கரில் உயர்ந்த ஓசையைத் தரும் பகுதியோ காரணமாக இருக்கும். வில்லுப்பாட்டுக் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் ஆழ்ந்த ஓசை வெறும் தட்டலாகச் சுருங்கிக் கேட்டால், ஸ்பீக்கர் அவ்வளவு தாழ இறங்கவில்லை, அல்லது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த அலை ரத்தாகிறது. ஆக, நான்கு குறைகளுக்கு நான்கு மருந்துகள். அவற்றில் பாதிக்குமேல் கடையில் வாங்கும் கருவியே அல்ல.

இதனால்தான் அறையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நம் ஊர்ப்பக்க வீடுகளின் அறை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்: சிமெண்டுப் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் அல்லது டைல்ஸ் தரை, கண்ணாடி பதித்த மர அலமாரி, வெயிலுக்கு அஞ்சிச் சாத்திய ஜன்னல். ஓசையை விழுங்கக்கூடிய பொருள் என்று எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சாபின் என்னும் இயற்பியலாளர், பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்செய்யும் பொறுப்பை 1895-ல் ஏற்று, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் தூக்கிவந்து அடுக்கியும் எடுத்தும், ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். அவர் கண்டடைந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை மீட்டர் கணக்கில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் கிடைக்கும். பதினான்கடி நீளம், பதினோரடி அகலம், பத்தடி உயரம் உள்ள என் அறைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பொருள் ஒன்றும் இல்லாத நிலையில் விடை 3 விநாடிக்குச் சற்று மேலே வருகிறது. பாட்டுக் கேட்பதற்கு ஏறத்தாழ அரை விநாடி போதும். ஆறு மடங்கு கூடுதலாக ரீங்கரிக்கும் அறையில் இரண்டு லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரை வைத்தாலும் தவில் குழம்பத்தான் செய்யும்.

சாபின் தம் அளவீட்டுக்குத் திறந்த ஜன்னலையே அலகாக வைத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திறந்த ஜன்னலுக்குள் போன ஓசை திரும்பி வருவதில்லை. ஆகவே அதுதான் முழுமையான உறிஞ்சி. பட்டாசாலை எனப்படும் கூடமும் முற்றமுமாக இருக்கும் பழைய வீடுகளில் பாட்டு ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம் ஒரு பெரிய ஜன்னல். தாழ்ந்த அலைகளும் அதன் வழியே வெளியேறிவிடும். அப்படிப்பட்ட வீடு வாய்த்தவர்கள் ஸ்டீரியோவைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் அடைக்காமல் பட்டாசாலையிலேயே வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவர்கள் என்ன செய்வது? பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பாயின் நெசவுக்கு ஈடில்லை. ஆனால் மெல்லிய பொருள் எதுவும் உயர்ந்த ஓசையை மட்டுமே சிறிதளவு தணிக்கும், தாழ்ந்த ஓசையைத் தொடாது. ஓசையின் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்கு, பஞ்சின் தடிமனோ பஞ்சுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியோ இருந்தால்தான் உறிஞ்சல் நன்றாக வேலை செய்யும். 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கு அந்தக் கால் பங்கு மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தடிமனுக்கு வீட்டில் இடமிருக்காது என்றாலும், நான்கு அங்குல ராக்வூல் (பாறை நார்ப் பஞ்சு) பலகையை மரச் சட்டத்தில் பொருத்தி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தினால் பேச்சுக் குரலின் எல்லை முழுவதும் சீராகிவிடும். மேலே போர்த்தும் துணியின் மீது வாயை வைத்து ஊதினால் காற்று மறுபுறம் போக வேண்டும். வீரவநல்லூர்த் தறித்துணி இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ராக்வூல் நார் மூச்சில் கலக்காதபடி பலகையை நன்றாகச் சுற்றித் தைக்க வேண்டும். கேட்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனால், கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பலகையை வைக்க வேண்டிய இடம். தடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மூலையில் நிமிர்த்தி வைத்தாலும் அடுத்த பாட்டிலேயே வேறுபாடு தெரியும். செலவே இல்லாத அந்தச் சோதனையை முதலில் செய்து பார்த்துவிட்டுப் பலகைக்குச் சொல்லலாம்.

தாழ்ந்த ஓசைக்கு மெத்தையை விட இடமாற்றமே பெரிய மருந்து. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிற்கும் அலைகளின் அதிர்வெண்ணை, ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப் போல இருமடங்கால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. என் அறைக்கு விடை ஏறத்தாழ 41, 52, 57 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்களில் ஓசை சுவரை ஒட்டி வீங்கும், நடுவில் வற்றும். ஆகவே அறையின் சரிநடுவிலும் பின்சுவரில் முதுகு சாயும்படியும் நாற்காலியைப் போடக் கூடாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரும் இப்படி ஒரு வேலை செய்யும். ஸ்பீக்கரின் முகம் அந்தச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஏறத்தாழ 143 ஹெர்ட்ஸில் நேரலையை எதிர்த்து நின்று அதைக் கரைக்கிறது. ஆண் குரல் மெலிந்து கேட்பதற்கு இதுவே பல வீடுகளில் காரணம். அரையடி முன்னே இழுத்தால் அந்தப் பள்ளம் கீழே நகர்ந்துவிடும். ரூம் ஈக்யூ விசார்டு என்னும் இலவச மென்பொருளும், அளவீட்டுக்கென்றே விற்கும் யுஎஸ்பி மைக் ஒன்றும் இருந்தால், இதையெல்லாம் திரையில் கோடாகப் பார்த்துக்கொண்டே நகர்த்தலாம். என்னைக் கேட்டால், ஸ்பீக்கர் வாங்கும் முன்பே வாங்க வேண்டிய கருவி அந்த மைக்தான்.

இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒற்றைத்தட (மோனோ) பதிவு ஒன்று போதும். 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் காலத்துப் பதிவுகள் அப்படிப்பட்டவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஓசைதான் வரும். ஆகவே அவருடைய நாகசுரம் இரண்டுக்கும் சரிநடுவில், ஆள் நின்று வாசிப்பதைப் போல ஒரே இடத்திலிருந்து எழ வேண்டும். ஒருபக்கமாகச் சாய்ந்தால் நாற்காலியோ ஸ்பீக்கரோ பக்கச் சுவரோ சமமாக இல்லை. எங்கிருந்து வருகிறதென்றே புரியாமல் பரவிக் கேட்டு, தவிலின் கனமும் குறைந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கான கம்பிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. புதிய ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களின் வீட்டில் இந்தக் கம்பியை மாற்றிப் பூட்டியதுமே குறை தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மின்விசிறி. ஹைஃபை பற்றி எழுதுபவர்கள் பலர் குளிர்நாட்டுக்காரர்கள் என்பதால் இதை யாரும் சொல்வதில்லை. நமக்கோ ஆனி ஆடிக் காற்று அடிக்கும் நாட்களைத் தவிர ஏறத்தாழ ஆண்டு முழுவதும் தலைக்கு மேல் விசிறி சுழல்கிறது. முழு வேகத்தில் அது எழுப்பும் இரைச்சல் 50 டெசிபல் வரை போகும். பாட்டின் உச்சம் 90 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி ஏறத்தாழ 40 டெசிபல்தான். 1982-ல் வந்த சிடியே 96 டெசிபல் இடைவெளியைத் தாங்குகிறது. அதற்கும் மேலான 24 பிட் கோப்புகளுக்காகக் கூடுதல் விலையில் டிஏசி வாங்குவதை விட, பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார் உள்ள நல்ல விசிறியை வாங்குவது கூடுதல் இசையைக் காதுக்குக் கொண்டுவரும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் முனகல் இல்லாமல் சுழல்வதோடு, பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவிலேயே ஓடிவிடும். பழைய மின்னணு ரெகுலேட்டர்களில் சில வகைகள் மின்கம்பியிலேயே இரைச்சலை ஏற்றி, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒரு சீறலைக் கொண்டுவருவதும் உண்டு. விசிறியை மாற்றும்போது அந்தத் தொல்லையும் கூடவே போய்விடும்.

மின்சாரம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் என் மைத்துனர் வீட்டில், புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் ஹம் என்னும் ஓயாத முனகல் கேட்டது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய ஒன்றை வாங்கலாம் என்று அவர் முடிவு செய்திருந்தபோது, வேறொரு வேலைக்காக வந்திருந்த எலக்ட்ரீசியன் கொல்லைப்பக்கம் போய் எர்த்துக் குழியைப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, குழியில தண்ணி ஊத்தி எத்தன வருசமாச்சு? மண்ணு வறண்டு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு" என்றார். கரியும் உப்பும் புதிதாக இட்டு, தண்ணீர் விட்டு, துருப்பிடித்த கம்பி இணைப்பையும் மாற்றிய பிறகு ஹம் பெருமளவு குறைந்தது. மிச்சமிருந்தது டிவியின் கேபிள் வயர் வழியாக வந்த இன்னொரு எர்த்துப் பாதையால் உண்டானது. அந்த வயரைப் பிடுங்கியதும் முற்றிலும் நின்றது. ஹம் கேட்டால் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிவதே முறை. பிளக்கின் எர்த்து முனையை வெட்டிவிட்டால் ஹம் நிற்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கருவிக்குள் கசிவு ஏற்படும் நாளில் அது உயிருக்கே ஆபத்து.

சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதும் குறையுள்ள கருவியால் அல்ல. அந்த அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250 ஹெர்ட்ஸ் என்று கூடுதல் அதிர்வுகளும் சேர்ந்து வருகின்றன. சைன் அலை இன்வெர்ட்டர் அதற்குத் தீர்வு.

இவ்வளவுக்கும் பிறகு பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஸ்பீக்கர்தான். நூறு ரூபாயில் ஐம்பது ரூபாயாவது அதற்குப் போக வேண்டும் என்பேன். ஆம்ப்ளிஃபயர்களுக்கும் டிஏசிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்று மிகச் சிறியது. ஸ்பீக்கர்களுக்கிடையே உள்ள வேறுபாடு அடுத்த அறையிலிருந்தே தெரியும். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் நடத்திய சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறதென்று தெரியாமல் திரைக்கு இப்பால் உட்கார்ந்து கேட்டவர்கள், நேர் எதிரே எல்லா அதிர்வெண்களிலும் ஏற்ற இறக்கமின்றியும் பக்கவாட்டில் சீராகத் தணிந்தும் ஒலிப்பவற்றையே பெரும்பாலும் விரும்பினார்கள். ஆகவே, கூடுதல் பாஸ், கூடுதல் பளபளப்பு என்று கடையில் சொல்லப்படும் எதையும் விட, அளவீட்டு வரைபடத்தை வெளியிட்டிருக்கும் மாடல்களையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஓட்டை வைத்த பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். வில்லுப்பாட்டுக் குடத்துக்குள் காற்று அடைந்து கழுத்து வழியே அதிர்வதும், ஸ்பீக்கர்ப் பெட்டியின் குழாய் வழியே காற்று அதிர்வதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஒரே விதிக்கு உட்பட்டவை. வயிறு பெரிதானால் சுருதி இறங்கும். கழுத்து நீண்டாலும் இறங்கும். சின்னப் பெட்டியில் பெரிய பாஸ் வரவேண்டும் என்பதற்காக அந்தச் சுருதியைச் சற்று மேலே, வீங்கலாக வைத்துச் செய்யப்படும் மாடல்களும் உண்டு. ஏற்கெனவே 52, 57 ஹெர்ட்ஸில் வீங்கும் அறையில் அதுவும் சேர்ந்தால் கழியின் அடி உறுமலாகிவிடும். அந்தக் குழாயில் ஸ்பஞ்சையோ சுருட்டிய பருத்தித் துணியையோ அடைத்துக் கேட்டால் பாஸ் குறைந்து தெளிவு கூடும். உறுமலுக்குக் காரணம் பெட்டியின் வீக்கமா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பழைய காஸ்மிக், சோனோடைன் ஸ்பீக்கர்கள் நம் பக்கம் இன்னமும் விலைக்கு வருகின்றன. பழைய ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா, ஃபோமா என்று முதலில் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பதினைந்து ஆண்டுக்குள் பொடிந்துவிடக்கூடும். ரப்பர் பல மடங்கு நிற்கும். கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் வாடகைக்கு விடுபவர்களுக்கு ரீகோன் செய்பவர்களை, அதாவது ஸ்பீக்கரின் கூம்பையும் விளிம்பையும் புதுப்பிப்பவர்களை, நன்றாகத் தெரியும். விளிம்பு மட்டும் போன நல்ல ஸ்பீக்கரை அவர்களிடம் கொடுத்துச் சீராக்குவது புதிதை வாங்குவதை விடப் பல நேரங்களில் அறிவுடையது.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது வாட் கணக்கு மயக்கும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை. மாறாக, 86 டெசிபல் உணர்திறன் (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்னும் அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 டெசிபல் உள்ளதை வாங்கினால், இருக்கும் ஆம்ப்ளிஃபயரே இரட்டிப்புத் திறன் பெற்றதற்குச் சமம். ஸ்பீக்கரின் ஓம் அளவு 4-க்குக் கீழே இறங்கினால் மட்டும் அதைத் தாங்கக்கூடிய ஆம்ப்ளிஃபயர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளாஸ் ஏ வகையின் இசையைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் நம் ஊருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பாட்டு ஓடாதபோதும் அது அறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது உள்ளே கெபாசிட்டர்களின் ஆயுள் கரையும். பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. நல்ல கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிட்டுக் குளிர்ந்து கிடக்கும்.

கம்பிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் ஐந்து மீட்டர் ஓடினால் போக வர மொத்தத் தடை ஏறத்தாழ 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை. வீட்டு வயரிங் செய்யும் கடையிலேயே அது கிடைக்கும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காமல் கேட்டால் எந்த முடிவும் செல்லாது. ஒலி ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் காட்டியபடி, சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த ஓசை காதுக்கு வேகமாக மெலிகிறது; ஆகவே சற்றே சத்தம் கூடியது எப்போதும் கனமாகவும் செழிப்பாகவும் கேட்கும். ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையோ இரண்டு டிஏசிகளையோ ஒப்பிட, 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஒன்று 2.00 வோல்ட் காட்டினால் மற்றதும் 2.05-ஐத் தாண்டாதபடி வால்யூமைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போது வேறுபாடு ஏறத்தாழ 0.2 டெசிபலுக்குள் நின்றுவிடும். பிறகு இன்னொருவரைக் கருவியை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறதென்று அறியாமல் கேட்க வேண்டும். விலையைத் தெரிந்துகொண்டு கேட்கும் காது விலையைத்தான் கேட்கிறது.

ஸ்பீக்கருக்கோ இந்தச் சோதனை வீட்டில்தான் நடக்க வேண்டும். சென்னையிலுள்ள விற்பனைக் கூடங்கள் கம்பளம் விரித்துக் குளிரூட்டப்பட்டவை. அங்கே மென்மையாக ஒலித்த நாகசுரம் டைல்ஸ் தரையில் வேறாகிவிடும். ஆகையால் சில நாள் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கும் கடையில், ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும், வழக்கமாக ஓடும் வேகத்திலேயே விசிறியை ஓடவிட்டு, முதலில் வில்லுப்பாட்டுக் குடத்தையும் பிறகு தவிலையும் கேளுங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று தொலைவுகளில் நகர்த்தி வைத்துப் பார்த்தும் குறை தீரவில்லையென்றால் மட்டுமே திருப்பிக் கொடுக்க வேண்டும். குடத்தின் ஆழம் மட்டும் குறைந்து மற்றவை சரியாக இருந்தால் அந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு தாழ்ந்த ஓசைக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்கலாம். அதிலும் பெரிதாக ஒன்றை விட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் சிறிதாக இரண்டை வைப்பது நிற்கும் அலைகளைக் கூடுதலாகச் சமன் செய்யும். என் அறைக்கு நான் பணம் சேர்த்துக்கொண்டிருப்பது இப்போது அந்த இரண்டுக்காகத்தான்.